நீல ஒளியால் அயன் கால்வாயைத் திறப்பது: கானாவாழை இலையை வைத்துச் செய்யும் முறை

ஒளி பட்டதும் வடிவம் மாறும் ஒரு சிறு பெப்டைட்டுச் சுருளை வைத்து, கலத்தின் அயன் கால்வாய்களைத் திறக்கவும் மூடவும் இன்று முடிகிறது. இதற்கு அதிகம் பயன்படுவது ஓட்ஸ் பயிரிலிருந்து எடுத்த ‘லொவ்2’ என்ற புரதப் பகுதி. அதே வகைப் பகுதி எல்லாப் பச்சைத் தாவரங்களிலும் உண்டு. தேயிலை மலையில் கான் ஓரமாகப் படரும் கானாவாழையின் இலைக்குள்ளும் இருக்கிறது. அதனால் அட்டனிலோ பண்டாரவளையிலோ ஓர் உயர்தர உயிரியல் வகுப்பு, மரபணுவைத் தொடாமலே, ஒளியால் அயன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி நுணுக்குக்காட்டியில் அளந்து பார்க்கலாம். தேவையானவை சில எல்.ஈ.டி.க்கள், கொஞ்சம் பொற்றாசியம் குளோரைட்டு, ஒரு காலைப் பொழுது.

உள்ளே நடப்பது

இலையின் மேற்றோலில் உள்ள நுண்துவாரம் இலைவாய்; அதன் இருபுறமும் நின்று அதைத் திறந்து மூடுபவை காவற்கலங்கள். காவற்கலத்தின் மென்சவ்வை ஒட்டி போட்டோதுரோப்பின் என்ற புரதம் இருக்கிறது. அதன் லொவ்2 பகுதி ஒரு பிளேவின் மூலக்கூறைப் பிடித்து வைத்திருக்கும். 450 நானோமீற்றர் அளவிலான நீல ஒளியை அந்தப் பிளேவின் உறிஞ்சியதும், அருகிலுள்ள சிஸ்ரெயின் அமினோ அமிலத்தோடு பிணைப்பு உண்டாகிறது. அதுவரை லொவ்2இன் மேல் ஒட்டிக் கிடந்த ஜே-அல்பா என்ற சுருள் கழன்று அவிழ்கிறது. சுருள் கழன்றவுடன் புரதத்தின் கைனேசு முனை (மற்றப் புரதங்களில் பொசுபேற்றை ஏற்றும் நொதிப் பகுதி) வேலை செய்யத் தொடங்குகிறது. அந்தச் சமிக்ஞை இடைப்புரதங்கள் வழியாக மென்சவ்வின் புரோத்தன் பம்பியை முடுக்குகிறது.

பம்பி ஐதரசன் அயன்களை வெளியே தள்ள, கலத்தின் உட்பக்க மின்னழுத்தம் மேலும் மறையாகும். ஏறத்தாழ –100 மில்லிவோல்ட்டைத் தாண்டும்போது உள்நோக்கிய பொற்றாசியக் கால்வாய்கள் திறக்கின்றன. பொற்றாசியம் உள்ளே வர, குளோரைட்டும் மலேற்றும் மின்னேற்றத்தை ஈடுசெய்ய, நீர் பின்தொடர, காவற்கலம் வீங்கி இலைவாய் திறக்கிறது. போட்டோதுரோப்பின் 1, 2 இரண்டும் இல்லாத அராபிடொப்சிசு என்ற ஆய்வுச் செடிகளில் நீல ஒளிக்கு இலைவாய் திறப்பதில்லை என்பதை யப்பானின் கினோஷிட்டா, ஷிமசாக்கி குழுவினர் 2001இல் காட்டினார்கள்.

இங்கே ஒளி கால்வாயை நேராகத் தொடுவதில்லை. மின்னழுத்தம் வழியாகத்தான் திறக்கிறது. ஆகவே இடையில் எந்தப் படி தடைப்பட்டாலும் இலைவாய் மூடியே இருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன.

செடி

கானாவாழையைத் தேர்வதற்குக் காரணம் அதன் கீழ்மேற்றோல் நீளமாக, கிழியாமல் உரியும். இலைவாய்கள் பெரியவை, சுற்றியுள்ள துணைக்கலங்கள் தெளிவாகத் தெரியும். மலையகத்தில் அகன்ற இலையும் இலையுறையில் செம்மயிரும் உள்ள இனமும், ஒடுங்கிய இலையுள்ள இனமும் கிடைக்கும். முதலாவதே வசதி. ஒரே பரிசோதனைக்குள் இரண்டையும் கலக்க வேண்டாம். இலைவாயின் அளவு வேறுபடும். இலைவாயைச் சும்மா பார்ப்பதற்கு றியோ இலை போதும். ஆனால் அதன் தடித்த மேற்றோலை இந்தச் சோதனைக்கு மெல்லிதாக உரிப்பது சிரமம்.

களைநாசினி அடித்த மலையில் எடுத்த செடி உதவாது. இலை பச்சையாகத் தெரிந்தாலும் கலம் தளர்ந்திருக்கும். துண்டுகளைத் தொட்டியில் நட்டு, நிழலில், நீர் குறையாமல் இரண்டு மூன்று வாரம் வளர்த்து எடுப்பதே நம்பகமானது. ஒருமுறை வாடிய செடியில் அப்சிசிக்கமிலம் என்ற தாவர ஓமோன் சேர்ந்திருக்கும். அது கால்வாய்களைத் தடுத்து, நீல ஒளி எவ்வளவு கொடுத்தாலும் இலைவாயை மூடியே வைக்கும்.

முதல் நாள் மாலை தண்டுகளை வெட்டி, வெட்டு முனையை நீரில் வைத்து, ஒரு பெட்டிக்குள் இருட்டில் விடுங்கள். காலை எட்டு, எட்டரைக்குள் உரிக்கத் தொடங்குங்கள். வெயில் பட்ட இலையில் இலைவாய் ஏற்கெனவே திறந்திருக்கும். பிற்பகலில் இலைவாய் தன் அன்றாட ஒழுங்குப்படி மூடப்போகும் போக்கில் இருப்பதால் பதில் மந்தமாகும்.

கரைசல்

வேண்டியது 50 மில்லிமோலர் பொற்றாசியம் குளோரைட்டு, 10 மில்லிமோலர் மெஸ் தாங்கற்கரைசல், பீ.எச். 6.1. பாடசாலைத் தராசுகள் சிறு நிறைகளைச் சரியாகக் காட்டாது. அதனால் பத்து மடங்கு செறிவில் செய்து வைப்பது நல்லது: 250 மில்லிலீற்றருக்கு 9.32 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 4.88 கிராம் மெஸ். போத்தலின் மேல் ‘மொனோஐதரேற்று’ என்று இருந்தால் மெஸ் 5.33 கிராம். காய்ச்சி வடித்த நீர் 200 மில்லிலீற்றரில் கரைத்து, 1 மோலர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டைச் சிறிது சிறிதாக விட்டு பீ.எச்.ஐ 6.1க்குக் கொண்டுவாருங்கள், ஏறத்தாழ 12 மில்லிலீற்றர் போகும். 20 மில்லிலீற்றருக்கு மேல் போனால் நிறையில் தவறு நடந்திருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். பிறகு 250க்கு நிரப்புங்கள். பயன்படுத்தும்போது 25 மில்லிலீற்றரை எடுத்து 250 ஆக்கி, பீ.எச்.ஐ மறுபடி பாருங்கள். மெஸ் கிடைக்காவிட்டால் பொற்றாசியம் குளோரைட்டை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தும் செய்யலாம். திறப்பு குறையலாம், கிண்ணத்துக்குக் கிண்ணம் வேறுபாடும் கூடும்.

பீ.எச்.ஐச் சரிசெய்யச் சோடியம் ஐதரொட்சைட்டை எடுக்க வேண்டாம். கானாவாழை இனத்தில் சோடியமும் இலைவாயைத் திறக்கக்கூடியது. அதனாலேயே ‘பொற்றாசியம் இல்லாத’ ஒப்பீட்டுக் கிண்ணத்தில் சோடியம் குளோரைட்டை வைத்தால் முடிவு குழம்பும். அந்தக் கிண்ணத்துக்கு வெறும் காய்ச்சி வடித்த நீர் போதும்.

உரச் சாலையில் மூட்டையாக இருக்கும் சிவப்பு எம்.ஓ.பி. உரமும் பொற்றாசியம் குளோரைட்டுதான். என்றாலும் இதற்கு ஆகாது: அதன் நிறம் இரும்பிலிருந்து வருகிறது, சோடியமும் கலந்திருக்கும். குழாய் நீரும் வேண்டாம். கண்டி, மாத்தளைப் பக்கம் சுண்ணக்கல் படிவுகள் உள்ள இடங்களில் நீரில் கல்சியம் இருக்கும். 1 மில்லிமோலர் கல்சியமே திறப்பைக் கண்கூடாகக் குறைத்துவிடும்.

ஒளி

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘நீல ஒளியால் திறந்தது’ என்று எழுத, நீல ஒளி எவ்வளவு, கூட என்ன இருந்தது, வெப்பம் எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

காவற்கலங்களுக்குள் பச்சையவுருமணிகள் உண்டு. எந்த ஒளியானாலும் போதிய அளவு கொடுத்தால் ஒளித்தொகுப்பு வழியாகவும் இலைவாய் ஓரளவு திறக்கும். அந்தப் பங்கைப் பிரித்தெடுக்கச் செவ்வொளியைப் பின்னணியாகக் கொடுத்து, அதன் மேல் சிறிதளவு நீலத்தைச் சேர்க்கிறார்கள். லொவ்2 பகுதி 500 நானோமீற்றருக்கு மேல் ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. ஆகவே செவ்வொளி அதைத் தட்டி எழுப்பாது. நல்ல அளவுகள்: சிவப்பு ஒரு சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 50 மைக்குரோமோல் போட்டோன், நீலம் அதே கணக்கில் 10.

கடையில் வாங்க வேண்டியவை: 450 முதல் 460 நானோமீற்றர் ‘ரோயல் புளூ’ 1 வாட் எல்.ஈ.டி., 660 நானோமீற்றர் கடுஞ்சிவப்பு 1 வாட் எல்.ஈ.டி., அலுமினியத் தட்டில் பொருத்தியவையாக. மின்சாரத்துக்கு 5 வோல்ட் பவர் பேங்க். மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வோல்ட்டளவு ஆடுவதும் வழக்கம். மூன்று மணி நேரச் சோதனையின் நடுவில் பத்து நிமிடம் இருட்டானால் அன்றைய தரவு போயிற்று. நீல எல்.ஈ.டி.யுடன் 5.6 ஓம், சிவப்புடன் 8.2 ஓம் தடையியைத் தொடரில் இணையுங்கள். இரண்டிலும் 300 மில்லியம்பியருக்குச் சற்று மேல் ஓடும். தடையிகள் 2 வாட் அளவினதாக இருக்கட்டும், கால் வாட் தடையி கருகிவிடும். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித் தடையி. ஒரே தடையியில் இரண்டைப் பக்கமாக இணைத்தால் ஒன்று அதிக மின்னை இழுத்துக்கொள்ளும். 10,000 மில்லியம்பியர்-மணி பவர் பேங்க் மூன்று எல்.ஈ.டி.க்களை ஐந்து மணி நேரம் அளவில் தாங்கும்.

தூரத்தை இப்படிக் கணக்கிடலாம். நல்ல 1 வாட் நீல எல்.ஈ.டி. ஒளியாக வெளிவிடுவது 0.45 வாட் அளவு. நேர் முன்னே அதன் செறிவு அதை பையால் (π, 3.14) வகுத்தால் கிடைக்கும், அதாவது ஸ்ரரேடியனுக்கு 0.14 வாட். 10 மைக்குரோமோல் நீலம் என்பது சதுர மீற்றருக்கு 2.6 வாட். 0.14ஐ 2.6ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 23 சென்ரிமீற்றர். 50 மைக்குரோமோல் சிவப்பு என்பது 9 வாட். ஒரு சிவப்பு எல்.ஈ.டி.க்கு அது 11 சென்ரிமீற்றரில் வரும். ஆனால் அவ்வளவு கிட்ட வைத்தால் கிண்ணத்தின் நடுவும் ஓரமும் வேறுபடும். இரண்டு சிவப்பு எல்.ஈ.டி.க்களை 15 முதல் 16 சென்ரிமீற்றரில் இரு பக்கமும் சாய்த்து வைப்பது சீராக இருக்கும்.

தொலைபேசியின் லக்ஸ் அளவியை நம்பி நிறங்களை ஒப்பிட வேண்டாம். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அலகு. 460 நானோமீற்றரில் 10 மைக்குரோமோல் ஏறத்தாழ 100 லக்ஸ்தான் காட்டும்; 50 மைக்குரோமோல் சிவப்பு 660 நானோமீற்றரில் 380 லக்ஸ், 630இல் 1,700 லக்ஸ். ஒரே நிறத்தில் கிண்ணத்தின் இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க மட்டும் அது உதவும். நீல எல்.ஈ.டி.யை நேராகப் பார்க்காதீர்கள். மங்கலாகத் தெரிந்தாலும் விழித்திரைக்குக் கேடு.

உரித்தல்

இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாமல், நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது முழுதாக விரிந்த இலையை எடுங்கள். கீழ்ப்பக்கம் மேலே இருக்குமாறு விரலில் சுற்றி, சவர அலகால் மெல்லக் கீறி, கூரிய சாவணத்தால் கீறலின் ஓரத்தைப் பிடித்து, இலையின் தளத்துக்கு ஒட்டினாற்போல் தாழ்ந்த கோணத்தில் இழுங்கள். உயர்த்தி இழுத்தால் இலைநடுவிழையமும் சேர்ந்து வரும். ஒரு சென்ரிமீற்றர் நீளத் துண்டு போதும். உடனே கரைசலில், புறத்தோற்படை மேற்பக்கமாக மிதக்க விடுங்கள். பச்சைத் திட்டு தெரியும் இடத்தை மென்தூரிகையால் தடவி நீக்குங்கள் அல்லது வெட்டி எறியுங்கள். இவை எல்லாவற்றையும் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், அறைவிளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு துண்டை 0.01 சதவீத நடுநிலைச் சிவப்பு என்ற சாயக் கரைசலில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். உயிருள்ள காவற்கலத்தின் புன்வெற்றிடம் சிவக்கும். பார்வைப்புலத்தில் பத்துக்கு எட்டுக் காவற்கலமாவது சிவக்காவிட்டால் அந்த இலையை விட்டுவிடுங்கள். சுற்றியுள்ள மேற்றோற்கலங்கள் பல உரிக்கும்போது உடைந்திருக்கும், அது இயல்பு. ஆனால் உடைந்தவை காவற்கலத்தைப் பக்கத்திலிருந்து அழுத்துவதில்லை. ஆகையால் இருட்டிலும் இலைவாய் சற்றுத் திறந்து தோன்றும். இருட்டுக் கிண்ணம் இல்லாமல் செய்த எந்த அளவீட்டுக்கும் பொருள் இல்லாமல் போவது இதனால்தான்.

ஓட்டம்

எல்லாத் துண்டுகளையும் கரைசலில் ஒரு மணி நேரம் இருட்டில் வைத்து, பிறகு ஐந்து கிண்ணங்களுக்குப் பிரியுங்கள்: முழு இருட்டு, சிவப்பு மட்டும், நீலம் மட்டும், சிவப்பும் நீலமும், பொற்றாசியம் இல்லாத நீரில் சிவப்பும் நீலமும். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு செடிகளிலிருந்து மூன்று துண்டு. இருட்டுக் கிண்ணத்தை அலுமினியத் தாளால் சுற்றி, மற்றவற்றோடு அதே தண்ணீர்ப் பேசினில் வையுங்கள். பேசின் நீர் 22 முதல் 25 பாகை செல்சியசில் இருக்கட்டும். நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ காலையில் அறை 15 பாகைக்குக் கீழே இருக்கலாம். அந்தக் குளிரில் பம்பி மெதுவாக ஓடும், மூன்று மணி நேரத்திலும் வேறுபாடு தெரியாது. சூடேற்ற இழைக் குமிழை வைக்காதீர்கள், அதன் ஒளி சோதனையைக் கெடுக்கும். வெந்நீரைக் கலந்து சரிசெய்யுங்கள். மூடியில் பனித்துக் கோக்கும் நீர் ஒளியைச் சிதறடிக்கும், மூடியை எடுத்துவிடுங்கள்.

சன்னலைத் திறந்து வையுங்கள். நாற்பது மாணவர்கள் மூச்சுவிடும் மூடிய அறையில் காபனீரொட்சைட்டு ஏறும். அது இலைவாயை மூடும். வகுப்பு வெளியே நிற்க, இருவர் மட்டும் கிண்ணங்களோடு இருப்பது மேல்.

இரண்டரை மணி நேரம் கழித்து, துண்டை அதே கரைசல் துளியோடு வழுக்கியில் வைத்து, ஐந்து நிமிடத்துக்குள் 40 மடங்குப் பொருளியில் படம் பிடித்துவிடுங்கள். நுணுக்குக்காட்டியின் வெண்விளக்கே நீலம் நிறைந்தது. மெதுவாக அளந்தால் இருட்டுக் கிண்ணமும் திறக்கத் தொடங்கும். அளவுப் படிவழுக்கியை அதே உருப்பெருக்கத்தில் ஒருமுறை படம் பிடித்து மைக்குரோமீற்றருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அளக்க வேண்டியது துவாரத்தின் உள் அகலம். துண்டுக்கு இருபது, கிண்ணத்துக்கு அறுபது. எந்தப் படம் எந்தக் கிண்ணம் என்று தெரியாத ஒருவர் அளக்கட்டும்.

நன்றாக ஓடிய சோதனையில் இருட்டில் துவாரம் மூடியோ சில மைக்குரோமீற்றரோ இருக்கும், சிவப்பு மட்டும் அதற்குச் சற்று மேலே, சிவப்பும் நீலமும் தெளிவாக உயரே. பொற்றாசியம் இல்லாத கிண்ணம் ஒளி இருந்தும் கீழே நிற்கும். நீலம் மட்டும் உள்ள கிண்ணம் பெரும்பாலும் நடுவில் வரும். இருட்டுக் கிண்ணமே அகன்று நின்றால் முதல் நாள் இருட்டுப் போதவில்லை, அல்லது மேற்றோற்கலங்கள் மிகுதியாக உடைந்திருக்கின்றன. எல்லாமே மூடி நின்றால் வாடிய செடி, கல்சியம், குளிர் என்ற ஒழுங்கில் தேடுங்கள். சிவப்பும், சிவப்போடு நீலமும் ஒன்றாகவே வந்தால் ‘சிவப்பு’ எல்.ஈ.டி. உண்மையில் வெண் எல்.ஈ.டி.யின் மேல் ஒட்டிய நிறத்தாளா என்று பாருங்கள். நிறத்தாள்கள் நீலத்தைக் கசியவிடும்.

அப்சிசிக்கமிலம் கிடைத்தால் ஆறாவது கிண்ணம் ஒன்று சேர்க்கலாம். எதனோலில் 10 மில்லிமோலர் கரைசல் செய்து, 100 மில்லிலீற்றருக்கு 100 மைக்குரோலீற்றர் விட்டால் 10 மைக்குரோமோலர். அதே அளவு எதனோலை ஒப்பீட்டுக் கிண்ணத்திலும் விட வேண்டும்.

இதிலிருந்து ஆய்வுகூடப் பெப்டைட்டுக்கு

லொவ்2உம் ஜே-அல்பா சுருளும் சேர்ந்த துண்டை, குளோரெல்லா வைரசின் சிறிய பொற்றாசியக் கால்வாயோடு நேராக இணைத்து, நீல ஒளியில் திறக்கும் ‘பிளிங்க்1’ என்ற கால்வாயை 2015இல் உருவாக்கினார்கள். 2019இல் அதை அராபிடொப்சிசின் காவற்கலங்களில் வைத்தபோது இலைவாய்கள் விரைவாகத் திறந்து விரைவாக மூடின. ஒளி ஏறி இறங்கும் சூழலில் செடிகள் கூடுதலாக வளர்ந்தன. மூடுபனியும் வெயிலும் மாறி மாறி வரும் மலைச்சரிவில் பயிர் வளர்ப்பவர்களுக்கு இது மிக நெருக்கமான செய்தி. நரம்புக்கலங்களில் 2014இல் வந்த ‘லூமிரொக்சின்’ முறை, கால்வாயைத் தடுக்கும் நச்சுப் பெப்டைட்டை லொவ் பகுதியோடு சேர்த்து மென்சவ்வில் கட்டி வைத்து, அது கால்வாயில் ஒட்டும் அளவை ஒளியால் மாற்றுகிறது.

பேராதனையிலோ வேறெங்கோ கல வளர்ப்பில் இவ்வகைப் புரதங்களைக் கையாளப் போகிறவர்களுக்கு, கானாவாழையில் கண்ட ஒப்பீடுகளே திரும்ப வரும்: இருட்டு, புரதம் இல்லாமல் ஒளி, புரதத்தோடு ஒளி. புதிதாகச் சேர்வது வளர்ப்பூடகத்தின் தொல்லை. அதில் உள்ள ரைபோபிளேவின், முக்கியமாக ஹெப்பெஸ் தாங்கற்கரைசலோடு சேரும்போது, நீல ஒளியில் ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கிக் கலங்களைக் கொல்லும். ஒளி கொடுக்குமுன் ரைபோபிளேவின் இல்லாத உப்புக் கரைசலுக்கு மாற்றுங்கள். லொவ்2 இருட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்ப ஒரு நிமிடம் அளவு எடுப்பதால் ஒளியைத் தொடர்ந்து எரிக்கவும் வேண்டாம். முப்பது செக்கனுக்கு ஒருமுறை ஒரு செக்கன் போதும்.

நைத்திரோபென்சைல் கூட்டம் ஒட்டி ‘பூட்டிய’ பெப்டைட்டுகள் வேறு வகை. 365 நானோமீற்றர் ஒளி அந்தப் பூட்டை அறுக்கும். திரும்பப் பூட்ட முடியாது. 2012இல் மூளையின் இயற்கை வலிதணிப்பியான என்கெபலின் பெப்டைட்டை அதன் தைரோசினில் இவ்வாறு பூட்டி, மூளைத் துண்டில் ஒளியால் விடுவித்து, ஒப்பியொயிட்டு வாங்கிகள் வழியாகப் பொற்றாசியக் கால்வாய்கள் திறப்பதை அளந்தார்கள். இதில் பெரிய ஆபத்து, பூட்டு ஏற்கெனவே கழன்ற சிறு பங்கு. 10 மைக்குரோமோலர் கரைசலில் ஆயிரத்தில் ஒரு பங்கு கழன்றிருந்தாலே 10 நானோமோலர் தயாராக இருக்கும். வாங்கியைத் தூண்ட அதுவே போதலாம். ஆகவே உலர்தூளைச் சிறு பங்குகளாகப் பிரித்து, தாள் சுற்றி, –20 பாகையில் வையுங்கள். கரண்ட் போய் உருகி மறுபடி உறையும் கரைசலைவிட உலர்தூள் தாங்கும். ஒவ்வொரு புதுக் குப்பியையும் முதலில் ஒளி கொடுக்காமல் கலத்தின் மேல் விட்டு, கால்வாய் மின்னோட்டம் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அசைந்தால் அந்தக் குப்பியை ஒதுக்குங்கள்.